ஜிபிஎஸ்-ஐ விமானி எவ்வளவு நம்பலாம்? ஜக்கூர் வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரு ஜக்கூர் விமானத் திடலுக்குப் பக்கத்தில், விமானி உரிமத் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு நேவிகேஷன் பாடம் எடுக்கிறேன். ஓசூர், கிருஷ்ணகிரி, தங்கவயல், அல்சூர் என்று எங்கெங்கிருந்தோ வரும் தமிழ்ப் பிள்ளைகள் ஒவ்வொரு குழுவிலும் நாலைந்து பேர் இருப்பார்கள். பாடம் ஆங்கிலத்தில் நடக்கும். சந்தேகம் மட்டும் வகுப்பு முடிந்து டீக்கடைக்குப் போகும்போது தமிழில் வரும். 2025 நவம்பரில் டெல்லியில் இறங்க வந்த சில விமானங்களுக்கு ஜிபிஎஸ் பொய்யான இடம் காட்டியதாகச் செய்தி வந்த பிறகு பெற்றோரும் போன் செய்து கேட்க ஆரம்பித்தார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே வைத்திருக்கிறேன்.

சார், மேலே இருக்கிற சாட்டிலைட் நம்ம ப்ளேனைப் பார்த்துத்தானே இடம் சொல்லுது?

இல்லை. அதற்கு உங்கள் விமானம் இருப்பதே தெரியாது. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டே, "நான் இந்த எண், இப்போது இங்கே இருக்கிறேன், என் கடிகாரத்தில் மணி இவ்வளவு" என்று அது ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும். கேட்பதும் கணக்குப் போடுவதும் விமானத்தில் உள்ள கருவியின் வேலை.

மின்னல் தெரிந்ததும் ஒன்று, இரண்டு என்று எண்ணி, இடிச் சத்தம் வந்ததும் நிறுத்தி, எவ்வளவு தூரத்தில் விழுந்தது என்று சின்ன வயதில் கணக்குப் போட்டிருப்பீர்கள். அதே கணக்குத்தான் இங்கேயும். இங்கே வருவது ஒலி இல்லை, ரேடியோ அலை. அது ஒளியின் வேகத்தில் வருகிறது. மேலிருந்து நம்மிடம் வந்து சேர ஒரு நொடியில் பதினைந்தில் ஒரு பங்குதான் ஆகும். ஆகவே நேரத்தில் பத்து லட்சத்தில் ஒரு நொடி பிசகினால் தூரத்தில் 300 மீட்டர் பிசகிவிடும். செயற்கைக்கோளில் அணுக்கடிகாரம் வைத்திருப்பது இதனால்தான்.

மூணு வட்டம் வெட்டிக்கிட்டா இடம் கிடைச்சிடும்னு ஸ்கூல்ல படிச்சேன். நீங்க ஏன் நாலு சாட்டிலைட் வேணும்கறீங்க?

மொட்டை மாடியில் நான் செய்து காட்டுவது இது. மூன்று பேர் மூன்று மூலையில் நின்று ஆளுக்கொரு கயிறு பிடிப்பார்கள். நாலாவது ஆள் மூன்று கயிற்றின் முனையையும் ஒன்றாகச் சேர்த்து இழுத்துப் பிடித்தால் அவர் நிற்கக்கூடிய இடம் ஒன்றுதான். கயிற்றின் நீளம் சரியாகத் தெரியும்வரை மூன்று போதும்.

ஆனால் நம் கருவியில் இருப்பது சாதாரணக் கடிகாரம். அது தவறினால் எல்லாக் கயிறும் ஒரே அளவு நீண்டோ குறுகியோ போகும். எவ்வளவு தவறு என்பதும் தெரியாத எண்தான். இடத்துக்கு மூன்று எண், கடிகாரத் தவறுக்கு ஒன்று, ஆக நாலு. நாலாவது செயற்கைக்கோள் கிடைத்ததும் உங்கள் கையில் இருக்கும் மலிவான கடிகாரமும் அணுக்கடிகாரம் போலச் சரியாகிவிடுகிறது. எத்தனை முறை சொல்லிக்கொடுத்தாலும் இந்த இடம் வரும்போது எனக்கு ஒரு மகிழ்ச்சி வரும்.

ஹெப்பால் ஃப்ளைஓவர்ல மேலே போறேனா கீழே போறேனான்னே போனுக்குத் தெரியல. இதை நம்பியா ப்ளேனை இறக்குறாங்க?

மிக நியாயமான கேள்வி. போனில் குழப்பம் வர முதல் காரணம், கட்டடங்களில் பட்டுத் திரும்பி வரும் அலை. நேராக வந்த அலையைவிட அது சுற்றி வந்ததால் கயிறு நீண்டுவிடுகிறது. பறக்கும் விமானத்தைச் சுற்றிக் கட்டடம் கிடையாது. ஆன்டெனாவும் விமானத்தின் முதுகில், வானத்தைப் பார்த்தபடி இருக்கிறது.

இரண்டாவது காரணம் உயரம். செயற்கைக்கோள்கள் எல்லாம் நமக்கு மேலேதான் இருக்கின்றன, காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. அதனால் பக்கவாட்டைவிட உயரத்தில் தவறு எப்போதும் கூடுதல். விமானி பார்க்கும் உயரமோ பொதுவாக ஜிபிஎஸ் தருவது இல்லை, காற்றழுத்தத்தை அளந்து வருவது. வானத்தில் எல்லோரும் அந்த ஒரே அளவுகோலை வைத்திருப்பதால்தான் ஒருவருக்கு மேல் ஒருவர் ஆயிரம் அடி இடைவெளியில் பறக்க முடிகிறது.

நம் ஊருக்கே உரிய ஒரு செய்தியும் இருக்கிறது. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் புவியீர்ப்பு குறைவு. அங்கே கடல் மட்டமே, ஜிபிஎஸ் கணக்குக்கு வைத்திருக்கும் பூமி வடிவத்தைவிட 100 மீட்டருக்கு மேல் தாழ்ந்திருக்கிறது. அதன் தாக்கம் பெங்களூரு வரை நீள்கிறது. இங்கே ஜிபிஎஸ் முதலில் கணக்கிடும் உயரம், கடல் மட்டத்திலிருந்து அளக்கும் உயரத்தைவிட 80 மீட்டருக்கு மேல் குறைவாக வரும். கருவிக்குள் உள்ள அட்டவணை அதைத் திருத்தித்தான் காட்டுகிறது.

ஃப்ளைட் மோடு போட்டா போன்ல ஜிபிஎஸ் வராதுதானே?

வரும். ஜிபிஎஸ் வெறுமனே கேட்கும் கருவி, அது எதையும் அனுப்புவதில்லை. ஜன்னலோரம் பிடித்துப் பாருங்கள். சிம் இல்லாமலும் வேலை செய்யும். முதல் தடவை இடம் பிடிக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும், அவ்வளவுதான்.

அமெரிக்கா நினைச்சா ஒரே நாள்ல நிறுத்திடலாமாமே?

ஜிபிஎஸ் அமெரிக்க ராணுவத்துக்காகப் பிறந்தது, இன்றும் அவர்கள் கையில்தான் இருக்கிறது. 1983 செப்டம்பர் 1 அன்று வழி தவறி சோவியத் வான்வெளிக்குள் போன கொரியப் பயணிகள் விமானம் சுடப்பட்டு 269 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் ஜிபிஎஸ்-ஐப் பொதுமக்களுக்கும் தருவதாக அமெரிக்கா அறிவித்தது. தந்தபோதும் பொது அலையில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தார்கள். அதை நிறுத்தியது 2000 மே மாதத் தொடக்கத்தில்.

இன்று ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ, நம்முடைய நாவிக் எல்லாம் இருக்கின்றன. உங்கள் போன் இவற்றில் பலவற்றை ஒன்றாகக் கேட்கிறது. பயணிகள் விமானங்களில் உள்ள கருவிகளோ இன்னும் பெரும்பாலும் ஜிபிஎஸ்-ஐ மட்டும்தான் கேட்கின்றன. விமானத்தில் ஒரு கருவியை மாற்றச் சான்று வாங்குவதற்கு ஆண்டுக்கணக்கில் ஆகும். எனக்கு இதில் வருத்தம் உண்டு. ஆனால் அந்தத் தாமதம் பாதுகாப்புக்காக வந்தது என்பதையும் மறக்கக் கூடாது.

ககன், நாவிக் ரெண்டும் ஒண்ணுதானே சார்?

இல்லை, தேர்வில் பலர் தவறு செய்யும் இடம் இது. நாவிக் தனியாக நின்று இடம் சொல்லும் அமைப்பு. இந்தியாவுக்கும், எல்லைக்கு வெளியே சுமார் 1,500 கிலோமீட்டர் வரைக்கும் என்று 7 செயற்கைக்கோள்களோடு வடிவமைத்தார்கள். சிலவற்றில் அணுக்கடிகாரம் பழுதாகி அவை இடம் சொல்ல உதவாமல் போயின. 2023 மே மாதம் அனுப்பிய என்விஎஸ்-01-இல் நம் நாட்டிலேயே செய்த அணுக்கடிகாரம் இருக்கிறது. நாவிக்கின் ஒரு முக்கிய மையம் நம் பெங்களூருக்கு அருகே பியாலாலுவில் உள்ளது.

ககன் தனியாக இடம் சொல்லாது. ஜிபிஎஸ் சொல்வதைச் சரிபார்த்துத் திருத்தும். இஸ்ரோவும் விமான நிலைய ஆணையமும் சேர்ந்து உருவாக்கியது. இருக்கும் இடம் மீட்டருக்குள் துல்லியமாகத் தெரிந்த 15 நிலையங்கள் நாடெங்கும் ஜிபிஎஸ்-ஐக் கேட்டுக்கொண்டே இருக்கின்றன. "நான் இருப்பது இங்கே, ஜிபிஎஸ் சொல்வது அங்கே, வித்தியாசம் இவ்வளவு" என்ற கணக்கு நம் குந்தலஹள்ளியில் உள்ள மையத்துக்கு வருகிறது. அங்கிருந்து ஜிசாட் செயற்கைக்கோள் வழியாகத் திருத்தம் விமானத்துக்குப் போகிறது. ஒயிட்ஃபீல்டு போகும் வழியில் தினமும் அதைத் தாண்டிப் போகும் எத்தனை பேருக்கு இது தெரியும்!

2015-இல் ககனுக்குச் செங்குத்து வழிகாட்டலோடு, அதாவது பக்கவாட்டு வழியோடு உயரத்துக்கும் வழி காட்டி, இறங்கும் முறைக்கான சான்று கிடைத்தது. 2022 ஏப்ரல் 28 அன்று இண்டிகோவின் ஏடிஆர் விமானம் ஒன்று ராஜஸ்தானின் கிஷன்கரில் ககன் உதவியோடு இறங்கிச் சோதித்தது. தரையில் விலை உயர்ந்த கருவிகள் இல்லாத சின்ன விமான நிலையங்களுக்கு இது பெரிய வரம்.

சாயங்காலம் ஆனா ஜிபிஎஸ் தடுமாறும்னு சீனியர் ஒருத்தர் பயமுறுத்தினார். நிஜமா?

பயமுறுத்தவில்லை, உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். தரையிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேலே, சூரிய ஒளியால் மின்னேற்றம் பெற்ற காற்றடுக்கு ஒன்று இருக்கிறது. அயனோஸ்பியர் என்று படித்திருப்பீர்கள். ஜிபிஎஸ் அலை அதைத் தாண்டி வரும்போது தாமதமாகிறது. அந்தத் தாமதம் சில மீட்டர் முதல் பல பத்து மீட்டர் வரை பிழை தரும்.

தென்னிந்தியாவில் இந்தத் தொல்லை மற்ற ஊர்களைவிட அதிகம். பூமியின் காந்த நடுக்கோடு நம் தெற்கு முனை வழியாகப் போகிறது. 1963-இல் முதல் ராக்கெட்டை விடத் தும்பாவைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவே காரணம். இந்தக் கோட்டை ஒட்டிய பகுதிகளில் சூரியன் மறைந்த பிறகு அயனோஸ்பியரில் குமிழிகள் போல எழும்பும். வெயிலில் தார் ரோட்டின் மேல் காட்சி நடுங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோல அந்தக் குமிழிகளைக் கடக்கும் அலை நடுங்கி, சில செயற்கைக்கோள்கள் கொஞ்ச நேரம் கைவிட்டுப் போகலாம். மார்ச், ஏப்ரல், அப்புறம் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில், அதுவும் சூரியன் கொந்தளிப்பாக இருக்கும் ஆண்டுகளில் கூடுதல்.

அமெரிக்காவும் ஐரோப்பாவும் தங்கள் ஊருக்குச் செய்த திருத்தக் கணக்கை அப்படியே எடுத்து இங்கே வைக்க முடியவில்லை. ககனுக்காக இஸ்ரோ தனிக் கணக்கு முறையே உருவாக்கியது. செங்குத்து வழிகாட்டலோடு இறங்கும் முறைக்கு நடுக்கோட்டுப் பகுதியில் சான்று பெற்ற முதல் அமைப்பு ககன்தான். என் மாணவர்கள் இதைப் பெருமையோடு தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அஞ்சு மீட்டர் சுத்தமா காட்டுதே, அது போதாதா? இன்டெக்ரிட்டி, இன்டெக்ரிட்டின்னு ஏன் உயிரை எடுக்கறீங்க?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். கருவி சரியாகக் காட்டும்போது எத்தனை மீட்டர் துல்லியம் என்பது ஒரு கேள்வி. தவறாகக் காட்டும்போது, "என்னை நம்பாதே" என்று அது உங்களிடம் சொல்லுமா, எவ்வளவு சீக்கிரம் சொல்லும் என்பது வேறு கேள்வி. இரண்டாவதைத்தான் இன்டெக்ரிட்டி என்கிறோம். போனில் இடம் தவறினால் ஒரு தெரு தள்ளிப் போவீர்கள். மேகத்துக்குள் இறங்கும் விமானிக்குத் தவறான இடத்தைத் தயக்கமில்லாமல் காட்டும் கருவியைவிட, திரை அணைந்துபோன கருவி எவ்வளவோ மேல்.

அதனால்தான் விதிகள் கடுமையாக இருக்கின்றன. எச்சரிக்காமல் தவறான இடம் காட்டும் வாய்ப்பு ஒரு மணி நேரத்தில் ஒரு கோடியில் ஒன்றுக்கு மேல் போகக் கூடாது. சாதாரண ஜிபிஎஸ் இறங்கு முறையில் தவறு 0.3 கடல் மைலைத் தாண்டினால் 10 நொடிக்குள் விமானிக்கு எச்சரிக்கை வர வேண்டும்.

இதைக் கருவி தானே செய்யும் முறைக்கு ரெய்ம் என்று பெயர். ஊர்ப் பஞ்சாயத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நாலு சாட்சி இருந்தால் ஒரு கதை கிடைக்கும், சரிபார்க்க ஆள் இல்லை. ஐந்தாவது சாட்சி வந்தால், கதைகள் ஒத்துப்போகாதபோது யாரோ பொய் சொல்கிறார்கள் என்று தெரிந்துவிடும். யார் என்று தெரியாது. ஆறாவது சாட்சியும் இருந்தால் பொய் சொன்னவரைக் கண்டுபிடித்து வெளியே அனுப்பிவிட்டு மற்றவர்களை வைத்துத் தொடரலாம். புறப்படும் முன், போய்ச் சேரும் நேரத்தில் போதுமான செயற்கைக்கோள்கள் வானத்தில் இருக்குமா என்று பார்க்கச் சொல்வது இந்தச் சாட்சிகளை எண்ணிப் பார்க்கத்தான்.

அப்போ ரெய்ம் இருக்கும்போது ஸ்பூஃபிங்கை ஏன் கண்டுபிடிக்க முடியல?

முதலில் இரண்டையும் பிரித்துக்கொள்வோம். ஜாமிங் என்பது இரைச்சல். ஜிபிஎஸ் அலை நம்மிடம் வரும்போது அவ்வளவு பலவீனமாக இருக்கிறது. திருவிழாக் கூட்டத்தில் காதோரம் சொல்லும் ரகசியம் மாதிரி. பக்கத்தில் யாராவது ஸ்பீக்கர் போட்டால் போச்சு. ஆனால் கேட்கவில்லை என்பதாவது உடனே தெரிந்துவிடும்.

ஸ்பூஃபிங் என்பது செயற்கைக்கோள் குரலில் பொய் பேசுவது. மேலே சொன்ன பஞ்சாயத்தில் ஆறு சாட்சிக்கும் ஒரே ஆள் கதை சொல்லிக்கொடுத்துக் கூட்டி வந்தால்? எல்லார் கதையும் அச்சுப் பிசகாமல் ஒத்துப்போகும். ரெய்ம் திருப்தியாகிவிடும். அது கெட்டுப்போன செயற்கைக்கோளைப் பிடிக்கச் செய்த முறை. கூட்டாக ஏமாற்றுபவரை மனதில் வைத்துச் செய்தது இல்லை. ஆகவே பிடிக்க வேண்டியவர் விமானிதான். காற்றின் வேகம் திடீரென்று நம்ப முடியாத அளவு மாறும். விமானத்தின் கடிகாரம் தாவும். ஜிபிஎஸ் ஓர் இடம் சொல்லும், மற்ற கருவிகள் வேறு இடம் சொல்லும்.

டெல்லியில என்னதான் நடந்தது? நம்ம பெங்களூருக்கும் வருமா?

2025 நவம்பரில் டெல்லியில் ஓடுபாதை 10-க்கு ஜிபிஎஸ் அடிப்படையிலான முறையில் இறங்க வந்த சில விமானங்களுக்கு ஸ்பூஃபிங் நேர்ந்ததாக அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. தரையிலிருந்து வழிகாட்டும் கருவிகள் உள்ள மற்ற ஓடுபாதைகளில் இறங்கிய விமானங்களுக்குப் பாதிப்பு இல்லை. அந்தப் பதிலிலேயே கொல்கத்தா, அமிர்தசரஸ், மும்பை, ஹைதராபாத், சென்னையோடு பெங்களூரின் பெயரும் இருந்தது. எல்லைப் பகுதியில், பெரும்பாலும் அமிர்தசரஸ், ஜம்மு பக்கம், 2023 நவம்பர் முதல் 2025 பிப்ரவரி வரை 465 நிகழ்வுகள் பதிவானதாகவும் அரசு அதற்கு முன்பே கூறியிருந்தது.

வெளிநாட்டு உதாரணமும் சொல்கிறேன். எஸ்டோனியாவில் உள்ள டார்டு ஊருக்கு 2024-இல் ஃபின்ஏர் ஒரு மாதம் விமானம் விடவில்லை. அங்கே இறங்கும் முறை ஜிபிஎஸ்-ஐ மட்டுமே நம்பியிருந்தது. அதில் இடையூறு வந்தபோது மாற்று வழி இல்லை. டெல்லியில் மாற்று வழி இருந்தது. தரைக் கருவிகள் பழசாகிவிட்டன, செலவு மிச்சம் என்று அவற்றை எடுத்துவிடச் சொல்பவர்களோடு நான் உடன்படாததற்குக் காரணம் இதுதான்.

ஜிபிஎஸ் நின்னுட்டா ப்ளேன் விழுந்துடுமா தம்பி? பையனை அனுப்பவே பயமா இருக்கு.

விழாது அம்மா. விமானத்தைத் தூக்கி வைத்திருப்பது இறக்கையும் என்ஜினும்தான். ஜிபிஎஸ் வழி மட்டும் காட்டுகிறது, அதற்கும் வேறு ஆட்கள் இருக்கிறார்கள். பெரிய விமானங்களில் உள்ள ஐஆர்எஸ் என்ற கருவி வெளியிலிருந்து எதையும் கேட்காமல், விமானத்தின் ஒவ்வொரு அசைவையும் அளந்தே இடம் சொல்லும். மணிக்கு ஒன்றிரண்டு கடல் மைல் வரை விலகலாம், அது பெரிய விஷயமில்லை. தரையில் ரேடியோ அலையால் திசை சொல்லும் விஓஆர், தூரம் சொல்லும் டிஎம்இ நிலையங்கள் உண்டு. ஓடுபாதைக்கு இறக்கிவிடும் ஐஎல்எஸ் முழுக்கத் தரையிலிருந்து வரும் அலை. தேவனஹள்ளியில் உள்ள பெங்களூரு விமான நிலையத்தில் குளிர்காலப் பனியில் இறங்குவதெல்லாம் அதை வைத்துத்தான். எல்லாவற்றுக்கும் மேலே, ராடார் முன் உட்கார்ந்து பார்த்துக்கொண்டு ரேடியோவில் பேசும் கட்டுப்பாட்டு அறை இருக்கிறது.

ஸ்பூஃபிங்னு தெரிஞ்சுபோச்சு. அப்போ பார்த்து 'புல் அப்'னு தரை எச்சரிக்கை கத்துது. கண்டுக்காம போகலாமா?

இது உண்மையிலேயே கடினமான கேள்வி. மலை நெருங்குகிறது, மேலே ஏறு ('புல் அப்') என்று எச்சரிக்கும் கருவி, ஜிபிஎஸ் சொல்லும் இடத்தைத் தன்னிடம் உள்ள நில வரைபடத்தோடு ஒப்பிடுகிறது. இடம் பொய்யானால் 35,000 அடியில் பறக்கும்போதும் அது கத்தும். ஸ்பூஃபிங் பகுதியைத் தாண்டிப் பல மணி நேரம் கழித்தும் கத்தியிருக்கிறது. சில விமானங்களில் ஐஆர்எஸ்-ஐயே ஜிபிஎஸ் கொண்டு திருத்துவதால் அதிலும் பொய் கலந்துவிட்டது.

அத்தனை உயரத்தில் மலை இல்லை என்பது காற்றழுத்த உயரமானியிலிருந்தே உறுதி. அங்கே நிறுவனத்தின் நடைமுறைப்படி நடக்கலாம். கீழே இறங்கும்போது, மேகத்துக்குள், இரவில், வெளியே எதுவும் தெரியாத நிலையில் என் பதில் ஒன்றுதான்: மேலே ஏறுங்கள். ஆராய்ச்சியை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். ஸ்பூஃபிங் செய்யும் பெரிய கேடு இடம் தவறுவதுகூட இல்லை. நாலு தடவை பொய்யாகக் கத்திய எச்சரிக்கையை ஐந்தாவது தடவை காது வாங்காமல் போய்விடுகிறதே, அதற்குத்தான் நான் பயப்படுகிறேன்.

எல்லாம் ஜிபிஎஸ் ஆயிடுச்சு. இன்னும் ஏன் சார் ஸ்கேலும் ஸ்டாப்வாட்ச்சும்?

போன வருடம் தங்கவயல் பையன் ஒருவன், ஜக்கூரிலிருந்து தன் ஊர்ப் பக்கம் வரைக்கும் பறந்துவிட்டு வந்தான். கூடப் போன பயிற்றுநர் ஜிபிஎஸ் திரையை ஒரு அட்டை வைத்து மூடிவிட்டார். மடியில் வரைபடம், கையில் பென்சில். பின்னாலிருந்து காற்று தள்ளும் என்று வைத்துக்கொண்டு, ஹொஸ்கோட்டை ஏரிக்கு 6 நிமிடம், தங்கவயலுக்கு 22 நிமிடம் என்று எழுதியிருந்தான்.

ஏரி வந்தது 7-வது நிமிடம். நினைத்த அளவு காற்று தள்ளவில்லை என்று அவனுக்குப் புரிந்தது. 22-ஐ அடித்துவிட்டு 26 என்று எழுதினான். 26-வது நிமிடம், மூக்குக்கு நேரே, சுரங்கக் கழிவைக் கொட்டி உண்டான சயனைடு மேடுகள் வெளுப்பாகத் தெரிந்தன. அவன் சின்ன வயதில் பட்டம் விட்ட இடமாம். திரும்பி வந்து அந்தத் தாளைக் காட்டினான். 22-இன் மேல் ஒரு கோடு, பக்கத்தில் 26, அதைச் சுற்றி ஒரு வட்டம், ஓரத்தில் பென்சில் அழுக்கு. அதை நகல் எடுத்து வகுப்புச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். இந்தக் கேள்வி கேட்பவர்களை அதன் முன்னால் கொண்டுபோய் நிறுத்துகிறேன்.